பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஓடிய சனிக்கிழமைகள்

படப்பையில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். அதன் சாப்பாட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து ஏழெட்டுப் பேர் மல்லாந்து படுத்திருக்கிறோம். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. போன வாரத்துப் பந்தியின் சாம்பார் வாசனை தரையை விட்டு இன்னும் போகவில்லை. எங்களுக்கு நடுவே வெறுங்காலோடு நடந்துகொண்டிருக்கிறாள் ஷீலா என்ற இளம்பெண்.

"முதுகு தரையில எங்கெல்லாம் படுது, எங்கெல்லாம் படலன்னு மட்டும் பாருங்க. வேற ஒண்ணும் செய்யாண்டாம். பாத்தா போரும், கேட்டியளா?"

நாகர்கோவில் பக்கத்துப் பெண். அவள் பேசுவது பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்வோம்.

சுவரோரத்து பெஞ்சில் என் மாமியார் தனகோட்டி உட்கார்ந்திருக்கிறார். அரக்குப் பட்டு, மடியில் மஞ்சள் பை. ஊசி நூல் விற்பவரைப் பார்ப்பதுபோல ஷீலாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தனக்குத்தானே சொன்னார்.

"முதுவு தரைல படுதான்னு பாக்கறதுக்கா பஸ் ஏறி வந்தோம்? நம்ம வூட்ல இன்னா தரையா இல்ல?"

படுத்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நானும் பட்டுப்புடவையில்தான் படுத்திருந்தேன். தலையில் மல்லிகைப்பூ வேறு. அது நசுங்குகிறதே என்ற கவலை ஒரு பக்கம், இந்த நிமிடமே நெஞ்சு வெடித்துச் செத்துப்போவேன் என்ற பயம் இன்னொரு பக்கம்.

மனசுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டா போவார்கள்? நாங்கள் போனோம். அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்திருக்கலாம்.

நெஞ்சுக்குள் ஒரு குதிரை

மணிமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டு, ஒரகடம் ரோட்டில் இருந்த காயில் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் சொன்னேன். ஒரகடம் என்றதும் இன்றைக்கு உங்களுக்கு நினைவு வருகிற கார் தொழிற்சாலைகள் எதுவும் அன்றைக்கு இல்லை. வயல், ஏரி, முள்ளுக்காடு, நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தகரக் கூரை போட்ட கம்பெனிகள். எங்கள் கம்பெனியும் அப்படித்தான். தலைமுடி மாதிரி இருக்கும் தாமிரக் கம்பியைச் சுருளாகச் சுற்றவேண்டும். வேலை பிடித்திருந்தது. என் கை வேகம் என்று சூப்பர்வைசரே சொல்லுவார்.

அப்போது நல்ல கோடை. மத்தியானம் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். காரணமே இல்லாமல் நெஞ்சு திடீரென்று ஓட ஆரம்பித்தது. குதிரை ஒன்று உள்ளே புகுந்துகொண்டு வெளியே வர வழி தேடுவது போல. கை சில்லிட்டது. மூச்சு பாதியிலேயே நின்றது. கண்ணெதிரே இருந்த மெஷின் எங்கோ தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தது. செத்தோம் என்று முடிவே செய்துவிட்டேன். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த ஒரே நினைப்பு, காலையில் துவைத்துப் போட்ட துணியை யார் எடுப்பார்கள் என்பதுதான்.

கம்பெனி டெம்போவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர் "ஒன்றுமில்லை" என்றார்.

அதன் பிறகு அந்தக் குதிரை அடிக்கடி வந்தது. பஸ்ஸில் வந்தது, கோயில் கூட்டத்தில் வந்தது, அடி பம்பில் தண்ணீர் அடிக்கும்போதும் வந்தது. தாம்பரத்துக்கும் குன்றத்தூருக்கும் போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு டாக்டரும் ஈ.சி.ஜி. காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். ஒன்றுமில்லை. நோய் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒன்றுமில்லாததற்கு என்ன மருந்து?

பயத்தில் ஒவ்வொன்றாக விட்டேன். முதலில் பஸ், பிறகு வேலை, கடைசியில் தெரு. கம்பெனியில் நல்ல மனசு வைத்து, பொங்கல் வரைக்கும் என் இடத்துக்கு வேறு ஆள் போடமாட்டோம் என்றார்கள். வீட்டில் கையை நெஞ்சில் வைத்துத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மற்ற உறுப்பெல்லாம் எனக்கு இருக்கிறதா என்பதே மறந்துபோயிற்று.

என் கணவர் ஏகாம்பரம் லேத் பட்டறையில் வேலை செய்தார். அவர் நல்லவர், ஆனால் பேச்சு குறைவு. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் உடனே சைக்கிளை வெளியே எடுத்து நிறுத்துவார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். வாசலில் சைக்கிள் தயாராக நிற்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பயம் கூடும்.

மணமகள் அறையில் டாக்டர்

கடைசியில் குன்றத்தூர் டாக்டர்தான் சொன்னார்: "படப்பையில சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு மனநல டாக்டர் வர்றார். போய்ப் பாருங்க. இது அவங்க வைத்தியம்."

வெளியே வந்ததும் அத்தை முகம் கறுத்துவிட்டது. அத்தை என்றால் என் மாமியார். மாமனார் காலமாகி வெகு காலம் ஆகியிருந்தது. என் கணவர் ஒரே பிள்ளை. வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். அவருக்கும் எனக்கும் சண்டை இல்லை, சிநேகமும் இல்லை. "உப்பு போட்டியா?" "போட்டேன் அத்தே." நாள் முழுக்க எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

"மென்ட்டல் டாக்டரா?" என்றார் என் கணவரிடம். "தெருவுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவறது?"



அந்த மனநல மருத்துவம் நடந்த இடம்தான் நான் முதலில் சொன்ன கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமைதான் முகூர்த்தம் வைப்பார்கள். சனிக்கிழமை காலையில் மண்டபம் சும்மா கிடக்கும். ஒரு தர்ம ஸ்தாபனம் அந்த நேரத்துக்கு மட்டும் இடத்தைக் கேட்டு வாங்கியிருந்தது. மணமகள் அறையில் டாக்டர். மணமகன் அறையில் மாத்திரை கொடுப்பார்கள். 'நல்வரவு' என்று எழுதிய வளைவுக்குக் கீழேதான் நோயாளிகள் வரிசையாக உள்ளே போகவேண்டும்.

இடம் கல்யாண மண்டபம் என்று தெரிந்த உடனே அத்தைக்கு உயிர் வந்தது. "ஏ சுகுணா, பொடவய மாத்து. பட்டு கட்டிக்க. எவளாவது கேட்டா கண்ணாலத்துக்குப் போறோம்னு சொல்லு."

அப்படித்தான் ஆவணி மாதம் முழுக்க, சனிக்கிழமை தவறாமல், பட்டு சரசரக்க நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். இறங்கும்வரை நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியே இருப்பேன். எதிர்வீட்டு அமுதா வாசலிலேயே நிற்பாள். "இன்னா, கண்ணாலமா?" என்பாள். "நாளைக்கு முகூர்த்தம். இன்னிக்கே வரணும்னு ஒரே புடியா புடிக்கறாங்கோ" என்பார் அத்தை. புரட்டாசி வந்ததும் அதையே நிச்சயதார்த்தம் என்று மாற்றிச் சமாளித்தார். எங்களுக்கு இத்தனை சொந்தக்காரர்களா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

டாக்டர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவர்தான் முதன்முதலாக "ஒன்றுமில்லை" என்று சொல்லாதவர்.

"வாசல்ல கட்டின நாய் மாதிரிம்மா இது. திருடன் வந்தா குலைக்கணும். உங்க நாய் தபால்காரர் வந்தாலும் குலைக்குது. நாய் கெட்டுப்போகல, பழக்கம்தான் கெட்டுப்போச்சு. மாத்திரை தரேன். கூடவே அந்தக் கூடத்துல ஒரு வகுப்பு நடக்குது. அதுலயும் போய்ச் சேருங்க."

பிரேக் பிடிக்கும் கால்

வகுப்பு நடத்திய ஷீலாவுக்கு என் வயதுதான் இருக்கும். உடம்பை அசைத்து மனசைத் தேற்றுகிற வித்தையை எங்கோ படித்துவிட்டு வந்திருந்தாள். நாங்கள்தான் அவளுடைய முதல் கூட்டம் என்று பிறகு ஒருநாள் சொன்னாள். ஆரம்பத்தில் அவளுக்கே பயமாம், அதை மறைக்கத்தான் ஓயாமல் நடந்துகொண்டிருந்தாளாம்.

நடக்கச் சொல்வாள். குதிகால் முதலில் படுகிறதா, விரல் முதலில் படுகிறதா என்று பார்க்கச் சொல்வாள். தோளைக் காதுவரை தூக்கி, 'தொப்'பென்று போடச் சொல்வாள். இதற்கு எதற்குப் படிப்பு என்று எனக்கும் தோன்றியது உண்டு.

வேலாயுதம் என்று ஒரு லாரி டிரைவர் வருவார். முன்னொரு காலத்தில் பெரிய விபத்து ஒன்றிலிருந்து தப்பியவர். உடம்பில் ஒரு கீறல்கூட விழவில்லையாம். ஆனால் அதன் பிறகு தூக்கம் போயிற்று, ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. அவர் கூடத்தில் நடக்கும்போது வலது காலை மட்டும் ஒவ்வொரு அடிக்கும் அழுத்தி ஊன்றுவார். ஷீலா அதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, அந்தக் கால் என்ன செய்யுது?"

வேலாயுதம் நின்று குனிந்து தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். "பிரேக்கு புடிக்கிதும்மா" என்றார்.

வண்டி நின்று எத்தனையோ காலம் ஆகியும் அந்தக் கால் பிரேக்கை விடவில்லை. அன்றைக்கு அவர் அழுதார். அதைப் பார்த்த பிறகு பெஞ்சில் இருந்த அத்தை வகுப்பைப் பற்றிக் கேலி பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

முதுகோடு முதுகு

ஒரு சனிக்கிழமை ஷீலா எங்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தாள். முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவேண்டும், பின்னால் இருப்பவரின் மூச்சு ஏறி இறங்குவதை முதுகாலேயே கேட்கவேண்டும். பிரித்து முடித்ததில் எனக்கு ஜோடி இல்லை.

ஷீலா பெஞ்சைப் பார்த்தாள். "அம்மா, நீங்க வாங்க."

"நானா? எனக்கு இன்னா நோவு?"

"நோவு வேண்டாம்மா. முதுகு இருந்தா போரும்."

அத்தை மஞ்சள் பையைப் பெஞ்சில் பத்திரமாக வைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே வந்து என் பின்னால் உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் தொட்டுக்கொண்டதே இல்லை. முதலில் இரண்டு பேருமே விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக அவர் கனம் என் மேல் சாய்ந்தது. எலும்பான முதுகு. நல்ல சூடு. அவர் மூச்சு நிதானமாக ஏறி இறங்கிற்று. என்னுடையது தட்டுத்தடுமாறியது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் என்னுடையதும் அவருடையதோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார். "எப்பவுமே உனுக்கு மூச்சு அப்பிடித்தான் திக்கித் திக்கி வருதா?"

"ஆமா அத்தே."

"சொல்லவே இல்லையே நீ."

சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் அன்றைக்குத்தான் அது அவருக்குக் கேட்டது.

ஓட்டம்

ஐப்பசியில் ஷீலா ஒரு குண்டைப் போட்டாள். இந்தக் கூடத்தைச் சுற்றி ஓடவேண்டும். நெஞ்சு படபடவென்று அடிக்கும்வரை ஓடவேண்டும். பிறகு நின்று அதைக் கேட்கவேண்டும்.

"அக்கா, டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லுதேன். உங்க நெஞ்சு நல்லா இருக்கு. அது வேகமா அடிச்சா சாவு வரும்னு நீங்க நெனைக்கீங்க. நாமளே அதை வேகமா அடிக்க வைப்போம். என்ன ஆவுதுன்னு பாப்போம்."

முடியாது என்றேன். அடுத்த வாரமும் முடியாது என்றேன். மற்றவர்கள் ஓட, நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, இனி வகுப்புக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தேன்.

அத்தை எழுந்தார். அரக்குப் பட்டை முழங்கால்வரை தூக்கி இடுப்பில் செருகினார். என் கையைப் பிடித்தார்.

"வா. நானும் ஓட்றேன். வுழுந்தா ரெண்டு பேரும் சேந்து வுழலாம். தூக்கறதுக்கு டாக்டர் இங்கதான கீறாரு?"

ஓடினோம். முதலில் அவர் என்னை இழுத்துக்கொண்டு ஓடினார், பிறகு நானே ஓடினேன். கூடத்தைச் சுற்றி, கை கழுவும் தொட்டியைத் தாண்டி, அடுக்கி வைத்த நாற்காலிகளைத் தாண்டி. வேலாயுதம் கைதட்டினார். மறுநாள் கல்யாணத்துக்கு உருளைக்கிழங்கு மூட்டை இறக்க வந்த ஆட்கள் மூட்டையைத் தலையில் வைத்தபடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் நெஞ்சில் குதிரை வந்துவிட்டது. அது நன்றாகத் தெரிந்தது. ஐயோ என்று நின்றேன்.

"ஒக்காருங்க! முதுகோட முதுகு!" என்று கத்தினாள் ஷீலா.

உட்கார்ந்தோம். அப்போதுதான் அது நடந்தது. என் முதுகில் 'டம் டம்' என்று இடித்தது. என் நெஞ்சு அல்ல, அத்தையின் நெஞ்சு. அது என்னுடையதைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவர் எலும்பு வழியாக என் எலும்புக்கு வந்தது. சாகப்போகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அத்தை சாகவில்லை. வாயைத் திறந்து, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வயசுக்கு வந்த அன்னிக்கி ஓடாதடின்னு சொன்னாங்கோ. நின்னவதான். இன்னிக்கித்தான் ஓட்றேன்" என்றார் மூச்சுக்கு நடுவே.

இரண்டு குதிரைகளும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து, நடையாகி, நின்றன. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை அந்த "ஒன்றுமில்லை"யை எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மார்கழியில் வந்த வினை

மார்கழி பிறந்தது. நாங்கள் பழக்கதோஷத்தில் பட்டு கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினோம். அமுதா கோலத்துக்குச் சாணி உருண்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

"மார்கழில எவன்க்கா கண்ணாலம் பண்றான்?"

அத்தை மஞ்சள் பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். அமுதா எழுந்து வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மறைக்காதக்கா. தெருவே பேசிகினு கீது. மருமவளுக்கு ஒடம்பு சரியில்ல, அதான் மண்டபம் மண்டபமா போய் ஏகாம்பரத்துக்கு வேற பொண்ணு பாத்துகினு கீறீங்கன்னு. அதுக்கு இவளையே இட்டுகினு போறீங்களே, நாயமா?"

அத்தை என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"இன்னாடி சொன்ன? வேற பொண்ணா? எம் மருமவ இருக்கசொல்ல எனக்கு எதுக்குடி வேற பொண்ணு? அவளுக்குப் பயத்துல நெஞ்சு அடிச்சிக்குது. மென்ட்டல் டாக்டராண்ட போறோம். ஓடச் சொல்றாங்கோ, ஓட்றோம். நானுந்தான் ஓட்றேன். இன்னா, பாக்கறியா?"

பட்டைத் தூக்கிச் செருகினார். தண்ணி டேங்க் வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி ஓடி வந்தார். சாணி உருண்டைகளை ஒன்று விடாமல் தாண்டித்தான் ஓடினார். கதவுகள் எல்லாம் திறந்தன. வாசலில் சைக்கிளோடு நின்றிருந்த என் கணவர் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த வாரம் இருவரும் நூல் புடவையிலேயே கிளம்பினோம். பஸ் ஸ்டாப்பில் அமுதா நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பைத் திருகியபடி, "அக்கா, எனக்கும் சில நேரத்துல காரணமே இல்லாம அழுவாச்சி வருது. அதுக்கும் அங்க பாப்பாங்களா?" என்றாள்.

அத்தை நகர்ந்து நின்று அவளுக்கு நிழலில் இடம் கொடுத்தார்.

மறுபடியும் கம்பி

பொங்கல் கழிந்து வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர், "இப்ப நல்லா இருக்கியாம்மா?" என்றார்.

"நல்லா இருக்கேன் சார். சனிக்கிழமை மட்டும் அரை நாள் வேணும். மனசுக்கு வைத்தியம் பாக்கறேன்."

சொல்லிவிட்டு நானே திகைத்தேன். அவரும் திகைத்தார். "சனிக்கிழமைல ஓ.டி. வேலை இருக்குமே" என்று மட்டும் சொன்னார். "ஓ.டி.க்கு வேற ஆளப் பாருங்க சார்" என்றேன்.

முதல் நாளே, காலை பத்து மணி வாக்கில், நெஞ்சு ஓட ஆரம்பித்தது. கை சில்லிட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. செருப்பைக் கழற்றினேன். சிமெண்டுத் தரை குளிர்ந்திருந்தது. குதிகால் பட்டது, விரல் பட்டது. தோள் காதுவரை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்து இறக்கினேன். பக்கத்து மெஷினில் இருந்த பெண் பயந்துபோய்ப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இன்னா பண்ணுது?"

"நெஞ்சு அடிக்குது. அடிச்சிட்டுப் போவட்டும். நீ உன் கம்பியப் பாரு."

ஒரு சுற்று தப்பியது. அதைப் பிரித்துவிட்டு மறுபடியும் சுற்றினேன். எப்போது அடங்கியது என்று எனக்குத் தெரியாது. சாப்பாட்டு மணி அடித்தபோதுதான் கவனித்தேன், அது போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

வயிற்றில் ஏதோ செய்தது. இது என்ன புது நோய் என்று ஒரு நிமிடம் பயந்தேன். பிறகு புரிந்தது. பசி.

டப்பாவைத் திறந்தேன். புளிச்சோறும் வறுத்த கருவாடும் இருந்தன. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். அப்படியும் போதவில்லை. பக்கத்துப் பெண்ணின் டப்பாவில் இருந்த முட்டையைப் பார்த்துக்கொண்டே, "உனுக்கு முட்ட புடிக்காதுல்ல?" என்றேன்.

"புடிக்குமேக்கா" என்று சிரித்தபடி, பாதியைப் பிட்டுக் கொடுத்தாள்.